ஸ்பூன் மூழ்கியிருக்க வேண்டும்

மாணவியர் விடுதி,
அச்சரப்பாக்கம்
29.06.2025, ஞாயிறு

அன்புள்ள ஜாய்ஸ் அத்தைக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்காத கடிதத்தை எங்கள் வார்டன் ராஜம் மிஸ் தபால் பெட்டிக்குள் விடுவதில்லை. ஆகவே எழுதிவிட்டேன். உண்மையில் நலமில்லை, ஆவல் மட்டும் இருக்கிறது.

இங்கே கைபேசிக்குத் தடை. இருக்கிற ஒரே தொலைபேசி முன்னால் நாற்பது பேர் வரிசை. அதனால்தான் உனக்கு இந்த அஞ்சல் கார்டு காலத்து அன்பு. சாப்பாடு பரவாயில்லை. சாம்பாரில் பருப்பைத் தேடினேன், கிடைக்கவில்லை. விடுமுறையில் ஊருக்குப் போயிருக்கிறது என்று நினைக்கிறேன்.

என்னை இங்கே தள்ளிய குற்றம் உனக்குத் தெரியும். கணக்குத் தேர்வுக்குக் 'கண்ணீர் அஞ்சலி' போஸ்டர் அடித்துப் பள்ளிச் சுவரில் ஒட்டினேன். "இவண்: துயரத்தில் வாடும் பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு" என்று போட்டதுதான் தப்பாகிவிட்டது. 'ஏ' பிரிவு என்று போட்டிருக்க வேண்டும்.

மிஸ், நீங்கள் மேலோட்டமாகப் பார்ப்பது தெரியும். இதற்கு மேல் குடும்ப விஷயம். தயவுசெய்து கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுங்கள்.

அத்தை, போஸ்டரை விடப் பெரிய ஒன்று இருக்கிறது. பிப்ரவரி எட்டாம் தேதி, மாமல்லபுரம் ஷெட்டில் நீ கம்பெனிக்காரர்களுக்கு உன் தொட்டியை இயக்கிக் காட்டிய சனிக்கிழமை. கரையில் பொறுக்கிய பிளாஸ்டிக்கை அரைத்துத் தண்ணீரில் கொட்டினால் பாட்டில் மூடி மிதக்கும், ஐஸ்கிரீம் ஸ்பூன் மூழ்கும். ரசாயனம் கிடையாது, வெறும் தண்ணீர் என்று வீட்டில் எங்களிடம் நூறு முறை சொல்லியிருக்கிறாய். அன்றைக்கு ஸ்பூனும் மிதந்தது. எல்லாம் ஒன்றாகக் கலந்து, கரையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே வெளியே வந்தது.

முதல் நாள் சாயங்காலம் நான் தொட்டியில் உப்புப் போட்டேன். அம்மா மகளிர் குழு ஊறுகாய்க்கு வாங்கி வைத்திருந்த கல்லுப்பு, பத்துக் கிலோ. உப்புத் தண்ணீரில் முட்டை மிதப்பதைப் பள்ளியில் செய்து காட்டியிருந்தார்கள். அன்றிரவு உன் ஒத்திகை. ஸ்பூன் மேலே வந்ததும் நீ முழிப்பாய், நான் சிரிப்பேன், தண்ணீரை மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அரைக்கும் பிளேடு காலையில்தான் வந்து சேரும் என்று நீ ஒத்திகையை ரத்து செய்துவிட்டாய். காலையில் நான் வந்தபோது கம்பெனியிலிருந்து வந்த வைஷாலி மேடம் கையில் இளநீரோடு நிற்கிறார்.

நீ தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாய். தொட்டியை வெல்டிங் பண்ணி, டிரம்மில் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பியது பூபாலண்ணன்தான். "கேளம்பாக்கத்துலேர்ந்து நல்ல தண்ணி கொண்டாரச் சொன்னா, இங்கியே போர்ல அடிச்சி ஊத்திட்டியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாய். அவர், "இன்னாமே ஜாய்ஸு, சோத்துல உப்பு போட்டுத்தான் துன்றேன், அந்த வேலைலாம் நான் செய்ய மாட்டேன்" என்றார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் சூயிங்கம் மென்றுகொண்டு நின்றேன்.

இவ்வளவுதான். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. நீளமாகத் திட்டு. ஸ்டாம்பு செலவு நான் தருகிறேன்.

பிரிசில்லா

*

செங்கல்பட்டு
05.07.2025

அன்பு பிரிசி,

கடிதம் கிடைத்தது. நடந்தது நடந்துவிட்டது. நீ சின்னப் பெண், வேண்டுமென்று கெடுதல் செய்யவில்லை. எனக்கும் வேலை கிடைத்துவிட்டது, எல்லாம் நல்லபடியாகவே முடிந்தது. இதை மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

இனி இதைப் பற்றி எழுத வேண்டாம். அண்ணனிடமும் சொல்ல வேண்டாம். பதினொன்றாம் வகுப்பில் இயற்பியலை விட்டுவிட்டால் பிறகு பிடிக்க முடியாது, அதைக் கவனி.

நான் நன்றாக இருக்கிறேன். அறை ரயில் நிலையத்துக்குப் பக்கம். ஜன்னலைத் திறந்தால் கொளவாய் ஏரி. காற்றுக்குக் குறைவில்லை.

பருப்புப் பொடி அனுப்பியிருக்கிறேன்.

அத்தை

*

அச்சரப்பாக்கம்
13.07.2025, ஞாயிறு

அன்புள்ள அத்தை,

நலமே. ஆவலும் அப்படியே.

பருப்புப் பொடி வந்த அன்றைக்கே காலி. என் அறையில் ஆறு பேர். அறையில் அறுவர் என்றால் அறுவைக்குப் பஞ்சமா?

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை மூச்சு வந்தது. இரண்டாம் முறை சிரித்தேன். மூன்றாம் முறை எனக்குச் சரியாகப் படவில்லை. நீ யார்? உன் ஸ்கேலில் நான் மாங்காய் வெட்டியதற்கு ஒரு வாரம் பேசாமல் இருந்தவள். தொட்டியில் பத்துக் கிலோ உப்பைக் கொட்டியதற்குப் பருப்புப் பொடி அனுப்புகிறாய். திட்டுவாய் என்று தயாராகக் குனிந்து நின்றவளுக்கு முதுகு வலிக்கிறது.

இன்று அப்பா வந்திருந்தார். ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தார். உன் விசிட்டிங் கார்டை இன்னும் ஆட்டோ கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறார், பைபிள் வசன ஸ்டிக்கருக்குப் பக்கத்தில். ஏறுகிறவர்கள் எல்லாரும் 'சீனியர் டிசைன் இன்ஜினியர்' என்று வாசித்துவிட்டுத்தான் இறங்க வேண்டுமாம். "எங்க ஆயா கழனில நாத்து நட்டாங்க, எந்தங்கச்சி மிஷினுக்குப் படம் போடுது" என்று கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் வரைக்கும் சொல்லிக்கொண்டே ஓட்டுகிறார்.

பூபாலண்ணனைப் பற்றியும் சொன்னார். உன் கம்பெனி அவரை வேலை கொடுக்கும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதாம். அதைக் கேட்டு இன்னும் இரண்டு கம்பெனிக்காரர்களும் எடுத்துவிட்டார்களாம். பட்டறையில் இருந்த வரதனும் இன்னொருவரும் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். இப்போது ஃபிளாட்டுகளுக்கு ஜன்னல் கிரில் அடிக்கிறார். "டேய் உப்புத்தண்ணி, டீ சாப்ட்டியா?" என்று கடைக்காரர்களே கூப்பிடுகிறார்களாம். அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரிக்க வேண்டும் என்று பார்த்தார். பட்டப்பெயர் வைப்பதில் கைதேர்ந்தவள் நான். இந்தப் பெயரை நான்தான் வைத்தேன் என்று அவருக்குத் தெரியாது.

அவருக்கு ஒரு கடிதம் எழுதட்டுமா? உன்னைக் கேட்காமல் செய்ய மாட்டேன். என் வாழ்க்கையிலேயே முதல் முறையாக அனுமதி கேட்டுச் செய்யப்போகும் காரியம் இது.

பிரிசில்லா

*

செங்கல்பட்டு
18.07.2025

பிரிசி,

வேண்டாம்.

உனக்குப் புரியும்படி எழுதுகிறேன். அன்று சாயங்காலமே நான் கம்பெனிக்கு ஓர் அறிக்கை அனுப்பினேன். வடிவமைப்பில் குறை இல்லை, தண்ணீர் நிரப்பியவர் உப்பு நீரைப் பயன்படுத்திவிட்டார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை நம்பித்தான் மார்ச் மூன்றாம் தேதி இந்த வேலையைக் கொடுத்தார்கள். தகுதிகாண் காலம் ஆகஸ்ட் முப்பத்தொன்று வரை. அதற்குள் அந்த அறிக்கை தவறு என்று வந்தால் என்ன ஆகும் என்று யோசி.

எங்கள் பிரிவில் பதினாறு பேர். இந்தப் பதவியில் நான் ஒருத்திதான் பெண். கூட்டத்தில் நான் எழுந்தால் 'தொட்டி மேடம்' என்று யாராவது முணுமுணுப்பது காதில் விழும். இப்போதுதான் அது குறைந்திருக்கிறது.

செப்டம்பர் வரட்டும். பூபாலனுக்கு நானே ஏதாவது வேலை பார்த்துக் கொடுக்கிறேன். அதுவரை நீ யாருக்கும் எழுதக் கூடாது. என் மேல் சத்தியம்.

அத்தை

*

அச்சரப்பாக்கம்
24.07.2025, வியாழன்

அன்புள்ள அத்தை அவர்களுக்கு,

நலம்.

நீங்கள் இயற்பியலைக் கவனிக்கச் சொன்னீர்கள். கவனித்தேன்.

நேற்று செய்முறை வகுப்பில் திரவங்களின் அடர்த்தி. எனக்குக் கொடுத்த வேலையை முடித்த பிறகு நேரம் இருந்தது. முன்பு கடற்கரையில் எடுத்து வைத்த ஸ்பூன் ஒன்று என் பெட்டியில் இருந்தது. பிளாஸ்டிக்குக்குத் தடை போட்ட பிறகும் அங்கே அதற்குக் குறைவில்லையே. ஒரு லிட்டர் தண்ணீரில் முப்பத்தைந்து கிராம் உப்புப் போட்டால் கடல் தண்ணீர் மாதிரி என்று ஆய்வக மிஸ் சொன்னார். போட்டேன். ஸ்பூன் மூழ்கியது. தட்டிப் பார்த்தேன். கிளறிப் பார்த்தேன். மூழ்கியேதான் கிடந்தது.

அப்புறம் ஐந்து ஐந்து கிராமாகச் சேர்த்தேன். எழுபத்தைந்தில்தான் அது எழுந்து வந்தது. கடலை விட இரண்டு மடங்கு உப்பு.

அப்படியென்றால் பூபாலண்ணன் போர் தண்ணீரை அடித்திருந்தாலும் சரி, முகத்துவாரத்திலிருந்து எடுத்திருந்தாலும் சரி, மாமல்லபுரத்துக் கடலையே டிரம்மில் மொண்டு வந்து ஊற்றியிருந்தாலும் சரி, அன்றைக்கு ஸ்பூன் மூழ்கியிருக்க வேண்டும். அது மிதந்தது என்றால் யாரோ கையால் உப்புப் போட்டிருக்க வேண்டும். அவர் செய்தார் என்பதற்கு இடமே இல்லை.

இது எனக்கு ஒரு ஸ்பூனும் ஒரு ஜாடியும் வைத்து முக்கால் மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. கணக்குக்குக் கண்ணீர் அஞ்சலி அடித்தவள் நான். நீங்கள் சீனியர் டிசைன் இன்ஜினியர். எந்த பிளாஸ்டிக் எதில் மிதக்கும் என்பதுதான் உங்கள் வேலையே.

என் கடிதத்தைப் படித்து நீங்கள் திட்டாதது ஏன் என்று இப்போது புரிகிறது. அதில் உங்களுக்குப் புதிதாக ஒன்றுமில்லை. உப்புப் போட்டது யார் என்பது மட்டும்தான் புதிது. அவர் இல்லை என்பது முன்பே தெரியும்.

நான் சொல்வது தப்பாக இருந்தால் தப்பென்று எழுதுங்கள். சந்தோஷமாகத் திட்டு வாங்கிக்கொள்கிறேன். உங்கள் மேல் சத்தியம் என்பதால் இதுவரை யாருக்கும் எழுதவில்லை.

பிரிசில்லா

*

செங்கல்பட்டு
27.07.2025, ஞாயிறு

பிரிசி,

முதல் முறையாக என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். நீ பிறந்ததிலிருந்து என்னை வா, போ என்றுதான் கூப்பிட்டாய். கடிதத்தில் மற்றதையெல்லாம் தாங்கிக்கொண்டேன்.

நீ சொன்னது சரி.

அன்று அறிக்கை எழுதும்போது தெரியாது. உண்மையாகவே தெரியாது. தண்ணீர் கரித்தது, கடற்கரையில் எல்லாப் போரும் உப்பாகிவிட்டது ஊருக்கே தெரியும், பூபாலன் சோம்பல்பட்டிருப்பான் என்று முடிவு கட்டினேன். அளந்து பார்க்கவில்லை. அளக்காமல் ஒரு வரியும் எழுதாதே என்று கீழே வேலை செய்கிறவர்களுக்குச் சொல்கிற ஆள் நான்.

பிறகு தொட்டியின் அடுத்த வரைபடத்துக்காக உப்பு அளவுப் பட்டியல் ஒன்று போட்டேன். கடல்நீர் என்ற வரியில் எண்ணை எழுதினேன். அதற்கு நேரே, அதை விடப் பெரிதாக, ஸ்பூன் மிதக்கும் எண் இருந்தது. கை நின்றுவிட்டது. எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தேன். வந்து அடுத்த வரியை எழுதினேன். அவ்வளவுதான் நடந்தது. வேலை உத்தரவு அப்போது இன்னும் வரவில்லை. அதைச் சொல்லியிருந்தால் வந்திருக்காது என்று அன்று நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பிறகு ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தது. உன் முதல் கடிதம் வந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. உன்னைச் சின்னப் பெண் என்று மன்னித்தது நான் தப்பிக்கத்தான்.

இன்று மதியம் கேளம்பாக்கம் போனேன். பூபாலன் தனியாக ஒரு கிரில்லைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தும் கண்ணாடியைக் கழற்றவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். உன்னையும் சொன்னேன். என்னையும் சொன்னேன். முடித்ததும், "இதெல்லாம் எனக்கு எதுக்கு சொல்ற? நான் தண்ணி ஊத்துனது எனக்குத் தெரியாதா?" என்றான்.

மன்னிப்புக் கேட்டேன். "அத நீயே வச்சிக்கோ" என்றான்.

கம்பெனிக்குப் புதிய அறிக்கை கொடுக்கிறேன் என்றேன். "உங்க கம்பெனில இங்கிலீஷ்ல எழுதுவீங்க. அத எவன் பாக்கப் போறான்? என்னை உப்புத்தண்ணின்னு கூப்புட்றவன் எவனும் உங்க கம்பெனில இல்ல, இந்தத் தெருவுல கீறான். தமிழ்ல எழுதிக் குடு. பட்டறை வாசல்ல மாட்றேன். வர்றவன் போறவன் படிக்கட்டும்."

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். பத்து முறை எழுதினேன். எல்லாம் 'எதிர்பாராத சூழ்நிலை காரணமாக' என்றுதான் வருகிறது. ரிப்போர்ட் எழுதிப் பழகிய கை. சுவரில் ஒட்டுகிற மாதிரி எழுதத் தெரிந்தது நம் வீட்டில் நீ ஒருத்திதான். எழுதி அனுப்புவாயா?

சத்தியத்திலிருந்து உன்னை விடுவித்துவிட்டேன்.

ஜாய்ஸ்

*

அச்சரப்பாக்கம்
30.07.2025

அன்புள்ள அத்தை,

நலம், நலமறிய ஆவல். இந்த முறை இரண்டும் நிஜம்.

நீ சொன்னபடி எழுதியிருக்கிறேன். முதலில் எனக்கு வருகிற மாதிரி எழுதிப் பார்த்தேன். மிதப்பில் திரிந்த நான், மிதக்கவிட்ட ஸ்பூன் என்று என்னவோ வந்தது. பக்கத்துக் கட்டில் பெண் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். உடனே கிழித்துவிட்டேன். அதைப் படித்து யாரும் சிரிக்கக் கூடாது. சிரித்தால் திரும்பவும் பூபாலண்ணனைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள்.

இரண்டாவது இதுதான்:

"மாமல்லபுரத்தில் 08.02.2025 அன்று இயக்கிக் காட்டிய இயந்திரத் தொட்டியில் பூபாலன் நல்ல தண்ணீரைத்தான் நிரப்பினார். அதில் உப்பைப் போட்டவள் திருவிடந்தை ஜெபசிங் மகள் பிரிசில்லா. அவர் மேல் பழி விழுந்ததைப் பார்த்தும் நூற்று நாற்பத்தொரு நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். இப்படிக்கு, பிரிசில்லா.

உப்பு அவரால் வந்தது என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தவள் இன்ஜினியர் ஜாய்ஸ். அவரால் வந்திருக்க முடியாது என்று தெரிந்த பிறகும் ________ நாள் மறைத்தேன். இப்படிக்கு, ஜாய்ஸ்."

என் நாளை நான் எண்ணிவிட்டேன். தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற காலையிலிருந்து உனக்கு முதல் கடிதம் எழுதிய ஞாயிறு வரை. உன் எண்ணை நான் எண்ண முடியாது. பட்டியல் போட்டு, டீ குடித்த நாள் எது என்று நீ எழுதவில்லை. மறந்து விட்டுவிட்டாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

என் பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சுவரில் மாட்டும்போது அப்பா பார்ப்பார் இல்லையா? கேளம்பாக்கம் நிறுத்தத்திலிருந்து பட்டறை தெரியும். அதற்கு முன்னால் அவருக்கு எழுதிவிடுகிறேன்.

பிரிசில்லா

*

செங்கல்பட்டு
03.08.2025, ஞாயிறு

அன்பு பிரிசி,

நூற்று ஐம்பத்தெட்டு.

பிப்ரவரி இருபத்துநான்காம் தேதியிலிருந்து போன வெள்ளிக்கிழமை வரை. உன் தபால் அன்று காலையில்தான் வந்தது. அதைப் பையில் வைத்துக்கொண்டு வைஷாலி மேடத்தின் அறைக்குப் போனேன். உப்புப் போட்டது யார் என்று சொன்னேன். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்: "உங்களுக்கு இது எப்போது தெரிந்தது?"

பிரிசி, உன் முதல் கடிதமும் பையில்தான் இருந்தது. ஜூன் இருபத்தொன்பது என்று மேலேயே தேதி போட்டிருக்கிறாய். அதை எடுத்து மேசையில் வைத்திருந்தால் போதும். என் அண்ணன் மகள் இப்போதுதான் சொன்னாள், உடனே வந்துவிட்டேன் என்று எல்லாமே பொருந்தியிருக்கும். கை பைக்குள் போனது. போனதை உனக்குச் சொல்லிவிட வேண்டும். வெறுங்கையாகத்தான் வெளியே வந்தது. பிப்ரவரி இருபத்துநான்கு என்றேன்.

அவர் நாட்காட்டியைத் திருப்பிப் பார்த்தார். "உங்கள் டிசைனில் எங்களுக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை" என்றார். மாலையில் கடிதம் வந்தது. சீனியர் பதவி இல்லை. வேறு ஏதாவது இடத்தில் வைத்துக்கொள்வார்களா என்று இரண்டு வாரத்தில் சொல்வார்களாம். தொட்டியின் வரைபடங்களை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டேன். பூபாலன் பெயரைப் பட்டியலில் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். அவன் வேலைக்கு வருவானா என்பது அவன் இஷ்டம்.

அண்ணன் ஃபோன் செய்தான். உன் கடிதத்தைப் படித்துவிட்டானாம். "கார்டு கண்ணாடிலயே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னான். எடுத்துவிடச் சொன்னேன். எடுப்பானா தெரியாது.

இன்று பட்டறைக்குப் போனேன். நீ எழுதியதைப் பூபாலன் வாய்விட்டுப் படித்தான். பக்கத்து டீக்கடையிலிருந்து இரண்டு பேர் வந்து நின்றார்கள். அவர்களுக்காக முதலிலிருந்து இன்னொரு முறை படித்தான். கோடிட்ட இடத்தில் 158 என்று எழுதினேன். "நம்பரா போடாத, எழுத்தால எழுது" என்றான். எழுதினேன். என் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

உன் கையெழுத்தை மட்டும் அவன் ஏற்கவில்லை. அதன் மேல் வெள்ளைத் தாளை ஒட்டிவிட்டான். "தபால்ல வந்த கையெழுத்து எனக்கு வேணாம். அன்னிக்கி சூயிங்கம் துன்னுக்கினு எங்கெதிர்லதான நின்னுச்சி? இப்பவும் எங்கெதிர்ல நின்னு போடட்டும்" என்றான். அப்படியே கண்ணாடி போட்டு வாசலில் மாட்டிவிட்டான்.

காலாண்டு விடுமுறைக்கு வரும்போது நான் உன்னை அழைத்துப் போகிறேன். பயப்படாதே.

அத்தை

*

அச்சரப்பாக்கம்
07.08.2025, வியாழன்

அன்புள்ள அத்தை,

காலாண்டு வரைக்கும் அது அங்கே அரைகுறையாகத் தொங்க வேண்டாம். இந்தச் சனிக்கிழமையே போக அனுமதி கேட்டிருக்கிறேன்.

படிவத்தில் 'வெளியே செல்லும் காரணம்' என்று ஒரு கட்டம். பழக்க தோஷத்தில் 'பல்வலி' என்று எழுதிவிட்டேன். பிறகு அதை அடித்துவிட்டு, 'ஒருவர் எதிரில் நின்று கையெழுத்துப் போட' என்று எழுதிக் கொடுத்தேன். ராஜம் மிஸ் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். என் கடிதங்கள் எல்லாவற்றையும் அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் ஒட்டினாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. முத்திரையை எடுத்துக் குத்திவிட்டு, "செங்கல்பட்டில் இறங்கித் திருப்போரூர் வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடி. காலையிலேயே கிளம்பு" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்து முதலில் என்ன சொல்வது என்று இரண்டு நாளாக எழுதி எழுதிப் பார்க்கிறேன். ஒன்றும் தேறவில்லை. போய் நிற்கிறேன்.

செங்கல்பட்டு நிலையத்தில் பஸ் மாறுவேன். நீ அங்கே வந்து நிற்காதே, அத்தை. உன்னைப் பார்த்தால் உன் பின்னாலேயே ஒளிந்துகொள்வேன்.

பிரிசில்லா